கரண்ட் போனால் எத்தனை மெசேஜ் வரும்? செட்டிநாட்டு வீடுகளில் நெட்வொர்க் ஸ்விட்ச்களைக் கண்காணிக்க எந்த மென்பொருள் சரி

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மணி 2.10. கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு, இப்போது விருந்தினர் தங்கும் ஹோட்டலாக நடக்கிறது. அதன் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது நான். அதைப் பற்றி என் போனுக்கு வரிசையாக 47 மெசேஜ் வந்து விழுந்தது. ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) 9, வைஃபை ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) 22, கேமரா 16. அத்தனையும் ‘டவுன்’. எழுந்து உட்கார்ந்து, அங்கே காவலுக்கு இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“கரண்டு இல்லப்பா. மழைக்கு எட்டு மணிக்கே போயிருச்சு. இன்வெர்ட்டரும் கத்திக் கத்தி இப்பத்தான் நின்னுச்சு.”

47 மெசேஜுக்கும் காரணம் ஒன்றுதான். குரூப்பை மியூட் செய்துவிட்டுப் படுத்தேன். காலை 6 மணிக்குக் கரண்ட் வந்ததும் ஒவ்வொன்றாக எல்லாம் எழுந்தன. மூன்றாம் கட்டு (வீட்டின் பின்பகுதி) ஸ்விட்ச் மட்டும் எழவில்லை. கரண்ட் வந்த வேகத்தில் அதன் பவர் சப்ளை எரிந்திருந்தது. அடுப்படி பில் மெஷினும் பின்கட்டு அறைகளின் வைஃபையும் அதை நம்பித்தான் இருந்தன. நான் அதைப் பார்த்தபோது மணி 9.30, அதுவும் மேனேஜர் கூப்பிட்ட பிறகு. மெசேஜ் வராமல் இல்லை. வந்த கூட்டத்தில் அது தொலைந்துபோனது.

அந்த வீட்டு ஆச்சி ஒரு மாதம் கழித்து நாலு கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்: “தம்பி, இதுல எதைப் போடலாம்?” அவர்களுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். காரைக்குடியிலும் சுற்று ஊர்களிலும் ஹோட்டல், பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை, கேபிள் இன்டர்நெட் என்று நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் எல்லாருக்கும் இதே கேள்வி இருக்கிறது.

நம் வீடுகளின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஸ்விட்ச் எண்ணிக்கை கூடுவதே அதனால்தான். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுவில் வளவு என்ற முற்றக் கட்டு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி. சுண்ணாம்புச் சாந்து போட்ட தடித்த செங்கல் சுவரை வைஃபை தாண்டாது. ஆகவே கட்டுக்குக் கட்டு ஆக்சஸ் பாயின்ட், அதற்கு ஒரு ஸ்விட்ச். முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த பூச்சில் யாரும் துளை போட விடமாட்டார்கள், விடவும் கூடாது. கேபிள் தாழ்வாரத்து ஓரமாக, ஓட்டுக்கு அடியில், மோட்டார் வயர் போகிற வழியிலேயே சுற்றிக்கொண்டு போகும். காப்பர் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை; இப்படிச் சுற்றினால் முகப்பிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் அது முடிந்துவிடும். அதனால் கட்டுக்குக் கட்டு ஃபைபர் இழுப்பதுதான் சரி. இடி விழும் காலத்தில் ஒரு கட்டில் ஏறிய சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) அடுத்த கட்டுக்குத் தாவாமல் இருக்கவும் ஃபைபர் உதவும்.

இப்படி ஒன்பது பெட்டி, ஒன்பது இடத்தில், பெட்டகசாலையிலும் மாடிப்படிக்கு அடியிலும். யாரும் தினம் போய் விளக்கைப் பார்க்க முடியாது. அதற்குத்தான் தானியங்கிக் கண்காணிப்பு. எந்த மென்பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: கரண்ட் போனால் எத்தனை மெசேஜ் அனுப்பும்?

வெறும் பிங்

எளிய வழி இது. ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் அப்டைம் கூமா மாதிரி இலவச மென்பொருளைப் போட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு ஸ்விட்சையும் பிங் செய்யச் சொல்வது, அதாவது ‘இருக்கிறாயா’ என்று கேட்கச் சொல்வது. பதில் வராவிட்டால் டெலிகிராமில் மெசேஜ். அரை நாளில் அமைத்துவிடலாம். அந்த 47 மெசேஜும் இப்படிப்பட்ட ஓர் அமைப்பிலிருந்து வந்தவைதான். நானே அமைத்தது, என் ஆபீஸிலிருந்து விபிஎன் வழியாக ஓடிக்கொண்டிருந்தது.

பிங்குக்குத் தெரிந்தது உயிர் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும். ஒரு போர்ட்டில் பிழை பெருகுவதோ, ஸ்விட்ச் கொதிப்பதோ, கேமராவுக்குப் போகிற மின்சாரம் வரம்பைத் தொடுவதோ அதற்குத் தெரியாது. இரண்டு ஸ்விட்ச் உள்ள கடைக்கு இது போதும். அன்மேனேஜ்ட் ஸ்விட்ச் மட்டுமே இருக்கும் இடத்துக்கும் இதை விட்டால் வேறு வழியில்லை. அந்த வகை ஸ்விட்சுக்கு ஐபி முகவரியே கிடையாது. அதன் பின்னால் இருக்கிற கேமராவைப் பிங் செய்துதான் ஸ்விட்ச் இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும்.

கம்பெனி கன்ட்ரோலர்

டிபி-லிங்க் ஓமாடா, யூபிக்விட்டி யூனிஃபை போன்றவை. ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட் எல்லாம் ஒரே பிராண்டாக வாங்கினால், அதே கம்பெனியின் கன்ட்ரோலர் அத்தனையையும் ஒரு படத்தில் காட்டும், மொபைல் ஆப்பில் அலர்ட் தரும்.

இதன் பெரிய பலம் என்று நான் நினைப்பது, தூரத்திலிருந்தே ஒரு போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுக்க முடிவது. மாடியில் ஒரு கேமரா உறைந்துபோனால் ஏணி வைத்து ஏற வேண்டாம்; காரைக்குடியில் உட்கார்ந்தபடி அந்தப் போர்ட்டை அணைத்துப் போடலாம். பல தடவை எனக்கு ஒரு நடை மிச்சமாகியிருக்கிறது.

பலவீனம், அது தன் பிள்ளைகளை மட்டும்தான் பார்க்கும். நம் ஊரில் ஒரு வீட்டு நெட்வொர்க் ஒரே நாளில் வாங்கியதாக இருக்காது. மூத்த பங்காளி ஒரு பிராண்ட் வாங்கியிருப்பார், கல்யாணத்துக்காக அவசரமாக வந்தது இன்னொரு பிராண்ட், கேமரா போட்டவர் தன்னிடம் இருந்த மூன்றாவது ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அங்கே கன்ட்ரோலர் பாதி வீட்டைத்தான் காட்டும். வரம்புகளை நம் இஷ்டத்துக்கு நுணுக்கமாக அமைக்கவும் இடம் குறைவு. கன்ட்ரோலர் பெட்டி அதே வீட்டில் அதே இன்வெர்ட்டரில் இருந்தால், கரண்ட் போகும்போது அதுவும் சேர்ந்து அணைந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பிஆர்டிஜி

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்துப் பேஸ்லர் நிறுவனத்தின் மென்பொருள். விண்டோஸில் ஓடும், பார்க்க அழகாக இருக்கும், கற்றுக்கொள்ள எளிது. 100 சென்சார் வரை இலவசம். இந்த 100 என்ற எண்ணைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 100 கருவி என்று அர்த்தமில்லை. ஒரு போர்ட்டின் போக்குவரத்து ஒரு சென்சார், வெப்பம் ஒரு சென்சார், பிங் ஒரு சென்சார். 24 போர்ட் ஸ்விட்ச் நாலை முழுதாகப் பார்த்தாலே 96 ஆகிவிடும். ஆக முக்கியமான போர்ட்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் செலவழிக்க வேண்டும்: கட்டுக்குக் கட்டு போகிற அப்லிங்க், ரவுட்டர், பில் மெஷின்.

ஒரு கருவியின் பிங் விழுந்தால் அதே கருவியின் மற்ற சென்சார்களை அது நிறுத்திவைக்கும். ஆனால் எந்த ஸ்விட்ச் எந்த ஸ்விட்சுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் பழகிய ஒருவர் முழுநேரமாக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு இதை நான் பரிந்துரைப்பேன். நூறைத் தாண்டினால் சந்தா கட்ட வேண்டும். அந்தக் கணக்கை முதல் நாளே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

லிப்ரே என்எம்எஸ், ஜாபிக்ஸ்

இரண்டும் திறந்த மூலம், லைசென்ஸ் செலவு இல்லை, இரண்டுமே லினக்ஸ். உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். (1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் தொடங்கிய நேகியோஸையும் சிலர் கேட்கிறார்கள். ஒரு கருவி தானே விழுந்ததா, வழி அறுந்ததால் எட்டவில்லையா என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை நான் அதில்தான் கற்றேன். ஆனால் எல்லாவற்றையும் ஃபைலில் எழுதி வைக்க வேண்டியிருப்பதால் புதிதாகத் தொடங்குபவருக்குச் சொல்லமாட்டேன்.)

லிப்ரே என்எம்எஸ் 2013இல் அப்சர்வியம் என்ற மென்பொருளிலிருந்து கிளைத்தது. அதன் குணம், தானே தேடிக் கண்டுபிடிப்பது. ஒரு ஸ்விட்சின் ஐபியும், எஸ்என்எம்பி (கருவிகளிடம் நிலவரம் கேட்கும் பொது முறை) கம்யூனிட்டிச் சொல்லும் (கடவுச்சொல் மாதிரி) கொடுத்தால் போதும். பிராண்ட், போர்ட்கள், வெப்பம், மின்விசிறி, ஃபைபர் ஒளி அளவு என்று அந்த ஸ்விட்ச் எதையெல்லாம் சொல்லுமோ அதையெல்லாம் எடுத்து வரைபடமாக்கிவிடும். பங்காளிகள் வாங்கிப் போட்ட மூன்று பிராண்டும் ஒரே பக்கத்தில் வரும். என் வேலையில் இதற்கு மேல் ஒரு வசதி நான் கேட்டதில்லை.

ஜாபிக்ஸ் லாட்வியா நாட்டில் பிறந்தது. முதல் பொது வெளியீடு 2001. இதன் பலம் வரம்பு எழுதுவதில். ‘கடந்த 15 நிமிடத்தில் மிகக் குறைந்த அளவே 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அலறு, 70க்குக் கீழே இறங்கினால்தான் அடங்கு’ என்று ஏறும் வரம்பு ஒன்று, இறங்கும் வரம்பு ஒன்று தனித்தனியாக வைக்கலாம். 84, 86, 84, 86 என்று ஊசலாடும் போர்ட்டுக்காக ராத்திரி முழுக்கப் போன் அடிக்காது. தீவிரத்தை ஆறு படியாகப் பிரிக்கலாம். முதல் பத்து நிமிடம் டெக்னீஷியனுக்கு, அவர் பார்க்காவிட்டால் எனக்கு என்று படிப்படியாக அனுப்பலாம். ப்ராக்ஸி என்று ஒன்று இருக்கிறது: தூரத்து ஊரில் ஒரு சின்னப் பெட்டியாக உட்கார்ந்து தகவலைச் சேகரிக்கும், லைன் அறுந்தால் தன்னிடமே சேர்த்து வைத்து, லைன் வந்ததும் அனுப்பும். பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் என்று ஊர் ஊராக ஃபைபர் கொண்டுபோகும் கேபிள் ஆப்பரேட்டருக்கு இது மிகவும் வேண்டியது.

ஆனால் ஜாபிக்ஸைக் கற்க நாளாகும். ஒரு டெம்ப்ளேட்டைத் திருத்துவதற்கே புரிதல் வேண்டும். அமைத்தவர் வேலையை விட்டுப் போனால் அடுத்தவர் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி என் கேள்விக்கு வருகிறேன்: கரண்ட் போனால் எத்தனை மெசேஜ்? லிப்ரேயில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் அதன் ‘தாய்’ யார் என்று குறிக்கலாம். மூன்றாம் கட்டுக்கு இரண்டாம் கட்டு தாய், இரண்டாம் கட்டுக்கு வளவு தாய், வளவுக்கு முகப்பில் இருக்கும் ரவுட்டர் தாய். தாய் விழுந்திருந்தால் பிள்ளைக்கு மெசேஜ் வராது. கேட்க எளிதாக இருக்கிறது, முதல் தடவை நான் இதை அமைத்துவிட்டுச் சோதித்தபோது ஒன்று வரவேண்டிய இடத்தில் 19 மெசேஜ் வந்தது. காரணம் தேடி இரண்டு நாள் உட்கார்ந்தேன். லிப்ரே வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் ஒவ்வொரு கருவியையும் விசாரிக்கிறது. தாயை விசாரிக்கும் முறை வருவதற்கு முன் பிள்ளையின் முறை வந்துவிட்டால், தாய் இன்னும் உயிரோடு இருப்பதாகத்தானே கணக்கில் இருக்கும்? அலர்ட் கிளம்பிவிடும். நிமிடத்துக்கு ஒரு முறை வேகமான பிங்கைத் தனியாக ஓடவிட்டு, அலர்ட் விதியில் 3 நிமிடத் தாமதமும் வைத்தேன். அதன் பிறகு ரவுட்டர் விழுந்தால் ஒரே மெசேஜ். ஜாபிக்ஸிலும் இதே சார்பு முறை உண்டு. கருவிக்கு அல்லாமல் ஒவ்வொரு ட்ரிகருக்கும் (அலர்ட் நிபந்தனைக்கும்) வைக்க வேண்டும், அதனால் கை வேலை அதிகம்.

வரம்பு: அவரவர் வீட்டு அளவு

எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் பாதி வேலை இங்கேதான். வந்த வரம்பை அப்படியே விட்டால் ஒரு மாதத்தில் ‘புலி வருது’ கதை ஆகிவிடும். நிஜப் புலி வரும் நாளில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். குறைந்தது இரண்டு வாரம் மெசேஜ் எதுவும் அனுப்பாமல் அளவை மட்டும் எடுங்கள். ஒரு கல்யாணமோ சாந்தியோ அதற்குள் வந்தால் நல்லது. பங்காளிகள் வெளிநாட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இறங்கி, அத்தனை பேரும் வளவில் உட்கார்ந்து வீடியோ காலில் பேசும் நாள்தான் அந்த வீட்டின் உண்மையான உச்சம்.

போர்ட் பிழைகள். என் அனுபவத்தில் அதிகம் பயன் தந்த வரம்பு இதுதான், பலர் வைக்காமல் விடுவதும் இதைத்தான். ஸ்விட்ச் சொல்லும் பிழை எண் அது கடைசியாக ஆன் ஆனதிலிருந்து சேர்ந்த மொத்தம். மொத்தத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நிமிடத்துக்கு எத்தனை கூடுகிறது என்பதைப் பாருங்கள். நல்ல கேபிளில் அது பூஜ்யமாகவே நிற்க வேண்டும். அந்த ஹோட்டலில் இரண்டாம் கட்டு ஸ்விட்சின் 14ஆம் போர்ட்டில் சிஆர்சி பிழை (தகவல் சிதைந்து வருவது) தினமும் காலை 5.30க்கு ஏறத் தொடங்கி 7 மணிக்குள் நின்றுவிடும், சாயந்தரம் ஒரு அரைமணி நேரம் மறுபடியும். வரைபடத்தில் பல்வரிசை மாதிரி தெரிந்தது. ஒரு காலை 5.15க்கே போய் உட்கார்ந்தேன். வேலைக்கு இருக்கும் அக்கா வந்து ஸ்டார்ட்டரைத் தட்டினார், கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கியது, என் லேப்டாப்பில் பிழை எண் ஏறத் தொடங்கியது. தாழ்வாரத்து ஓரம் நெட்வொர்க் கேபிளும் மோட்டார் வயரும் ஒரே பிளாஸ்டிக் குழாயில் இருபதடி போயிருக்கின்றன. கூடவே கேபிள் நுனியின் கிளிப் ஒன்று சரியாகக் கடிக்காமல் ஆடிக்கொண்டிருந்தது. கேபிளைப் பிரித்து வேறு வழியாகக் கொண்டுபோய், கிளிப்பையும் மாற்றினோம். அன்றிலிருந்து பூஜ்யம். ‘காலையில மட்டும் வைஃபை சரியில்லை’ என்று ஏழு மாதமாக விருந்தினர்கள் சொன்னதற்குக் காரணம் அந்தப் பிளாஸ்டிக் குழாய். பிங் ஒரு நாளும் அதைச் சொல்லியிருக்காது.

பேண்ட்வித். 5 நிமிடச் சராசரி என்பது குறுகிய உச்சங்களை மறைத்துவிடும் என்பதை நினைவில் வைத்து, அப்லிங்க் போர்ட்டுக்கு 80 சதவீதம், அதுவும் 15 நிமிடம் தொடர்ந்தால் மட்டும் என்று வைக்கிறேன். மற்றப் போர்ட்களுக்கு வைப்பதே இல்லை. இங்கே ஒரு பழைய பொறி இருக்கிறது. எஸ்என்எம்பியின் 32 பிட் பைட் எண்ணி சுமார் 429 கோடி வரைதான் எண்ணும். அதன் பின் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 1 ஜிகாபிட் வேகத்தில் முழுதாக ஓடினால் 34 விநாடியில் சுற்றிவிடும். 5 நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கிறவருக்கு எத்தனை சுற்று போனது என்று எப்படித் தெரியும்? 64 பிட் எண்ணியைத்தான் படிக்க வேண்டும்; எஸ்என்எம்பி முதல் பதிப்பில் அது கிடையாது, 2சி அல்லது 3 வேண்டும். கல்யாண நாளில் கூட்டம் கூடக் கூட வரைபடம் கீழே இறங்குகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

வெப்பம். லிப்ரேயில், ஸ்விட்ச் தன் வரம்பைச் சொல்லாவிட்டால், சேர்த்த நேரத்து அளவை வைத்து மென்பொருளே ஒரு வரம்பைக் கணித்துக்கொள்ளும். மார்கழிக் காலையில் சேர்த்த ஸ்விட்ச் சித்திரை மதியத்தில் அலறுவது இதனால்தான். நான் கையால் மாற்றிவிடுகிறேன்: சித்திரை, வைகாசி மதியங்களில் வழக்கமாகத் தொடும் அளவுக்கு மேல் 8 டிகிரி எச்சரிக்கை, 12 டிகிரி ஆபத்து. ஸ்விட்ச் சொல்வது அதன் உள்ளே இருக்கும் சிப்பின் வெப்பம். டேட்டாஷீட்டில் 0 முதல் 40 அல்லது 50 என்று போட்டிருப்பது அறையின் வெப்பம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு தடவை ஆபத்து மெசேஜ் வந்தபோது போய்ப் பார்த்தால், அறையைப் பெருக்கியவர் ரேக் மேல் பழைய ஜமக்காளங்களை மடித்து அடுக்கியிருந்தார்.

பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே போகும்) மின்சாரம். இருட்டியதும் கேமராக்களின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். கேமரா இழுக்கும் மின்சாரம் கூடும். 120 வாட் கொடுக்கக்கூடிய ஸ்விட்ச் பகலில் 70இல் இருக்கிறது என்று நம்பி இன்னும் இரண்டு ஆக்சஸ் பாயின்ட்டை மாட்டினால், ராத்திரியில் ஏதோ ஒரு போர்ட் அணையும். மொத்தத்தில் 85 சதவீதம் என்று வரம்பு வைத்து, ராத்திரி அளவைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

ஃபைபர் ஒளி. எல்லாருக்கும் பொதுவான எண் இதற்கு உதவாது. போட்ட அன்று மைனஸ் 8 டிபிஎம் (ஒளியின் வலுவை அளக்கும் அலகு) இருந்த இடத்தில் மைனஸ் 11 வந்தால் எச்சரிக்கை. 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். லைன் இன்னும் ஓடும், ஆனால் எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது அல்லது கனெக்டரில் சுண்ணாம்புத் தூசி ஏறியிருக்கிறது.

மறுதொடக்கம். ஸ்விட்சின் அப்டைம் 10 நிமிடத்துக்குக் கீழே இருந்தால் தகவலாக மட்டும் ஒரு வரி போதும், ராத்திரி எழுப்ப வேண்டாம். ஒரே ஸ்விட்ச் ஒரு வாரத்தில் மூன்று தடவை அப்படிக் காட்டினால் அதன் பிளக்கையும் அடாப்டரையும் பாருங்கள். அந்த எண்ணியும் 497 நாளில் சுற்றிப் பூஜ்யத்துக்கு வரும். நல்ல யுபிஎஸ்ஸில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்து ஸ்விட்ச் அப்படி எனக்கு ஒரு பொய் மெசேஜ் அனுப்பியது.

ட்ராப் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. ட்ராப் என்பது ஸ்விட்ச் தானாக 162ஆம் யூடிபி போர்ட்டுக்கு அனுப்பும் குரல். போய்ச் சேர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை. கரண்ட் போன சாதாரண ஸ்விட்சால் ‘நான் சாகிறேன்’ என்று சொல்லவும் முடியாது. 161ஆம் போர்ட்டில் நாம் போய் விசாரிப்பதே அடிப்படை, ட்ராப் அதற்கு மேல் ஒரு துணை. அந்தக் கம்யூனிட்டிச் சொல்லைப் ‘பப்ளிக்’ என்றே விட்டுவிடாதீர்கள். 2சி பதிப்பில் அது மறைக்கப்படாமல் போகும். விருந்தினர் வைஃபையிலிருந்து யாரும் எட்டாதபடி தனி விலேனில் (பிரித்து வைத்த தனி நெட்வொர்க்கில்) வைத்து, கண்காணிப்புச் சர்வர் ஒன்றுக்கு மட்டும் படிக்கிற அனுமதி கொடுங்கள். ஸ்விட்ச் ஏற்றுக்கொண்டால் பதிப்பு 3.

மெசேஜ் போகும் வழி

கண்காணிப்புச் சர்வர் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தால், இன்டர்நெட் அறுந்த செய்தியை எந்த இன்டர்நெட்டில் அனுப்பும்? எஸ்எம்எஸ் வைக்கலாம் என்பார்கள். கேட்வே வழியாக அனுப்ப வேண்டுமானால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 ஒழுங்குமுறைப்படி அனுப்புநர் பெயரையும் வாசக மாதிரியையும் டிஎல்டி என்ற பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். ஒரு ஹோட்டலுக்கு அது பெரிய வேலை. நான் செய்வது இரண்டு. ரவுட்டரில் ஒரு 4ஜி டாங்கிளை மாற்று வழியாக வைக்கிறேன். வீட்டுக்குள் இருக்கும் சர்வர் 5 நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே ஒரு சர்வருக்கு ‘இருக்கிறேன்’ என்று சொல்லும். இரண்டு தடவை சொல்லாவிட்டால் வெளியே இருப்பது எனக்கு மெசேஜ் அனுப்பும்.

அதோடு யுபிஎஸ்ஸை யுஎஸ்பியில் சர்வரோடு இணைத்து, நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுவிடுங்கள். ‘கரண்ட் போனது, பேட்டரியில் ஓடுகிறது’ என்பதே முதல் மெசேஜாக வரும். எட்டு மணிக்கு இது வந்திருந்தால், அன்று இரண்டு மணிவரை எனக்கு ஆறு மணி நேரம் இருந்திருக்கும். மேனேஜரிடம் சொல்லி ஜெனரேட்டரைப் போட்டிருக்கலாம், அல்லது கரண்ட் வரும் வரை மூன்றாம் கட்டு ஸ்விட்சின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருக்கலாம்.

யாருக்கு எது

இரண்டு மூன்று ஸ்விட்ச் உள்ள ஜவுளிக்கடை, நகைக்கடை: பிங் போதும், மூன்று முறை தொடர்ந்து தவறினால் மட்டும் மெசேஜ். புதிதாக ஒரே பிராண்டில் எல்லாம் வாங்கும் வீடு, பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இல்லை: கம்பெனி கன்ட்ரோலர், கேள்வியே வேண்டாம். விண்டோஸ் தெரிந்த ஆள் இருக்கும் பள்ளிக்கூடம்: பிஆர்டிஜி, நூறு சென்சாருக்குள் அடங்கினால். ஊர் ஊராக லைன் கொண்டுபோகும் ஆப்பரேட்டர், இரண்டு பேராவது லினக்ஸ் தெரிந்தவர்கள்: ஜாபிக்ஸ், ஊருக்கு ஒரு ப்ராக்ஸி. மூன்று பிராண்ட் கலந்த நம் பழைய வீடுகளுக்கு லிப்ரே என்எம்எஸ்.

ஆச்சிக்கும் லிப்ரேதான் சொன்னேன். லைசென்ஸ் செலவு இல்லை என்றதும் அவர்கள் உடனே கேட்டது: “இலவசம்ங்கிற, சரி. அதைப் பாத்துக்கிற ஆளுக்கு யாரு சம்பளம் குடுக்கிறது?” பேரேடு எழுதிப் பழகிய வீட்டின் கேள்வி. மாதம் ஒரு நாள் என் ஆள் வந்து வரம்புகளைப் பார்த்து, டிஸ்க் நிறைகிறதா என்று பார்த்து, அப்டேட் செய்துவிட்டுப் போக வேண்டும். அந்தச் செலவைக் கன்ட்ரோலர் விலையோடும் பிஆர்டிஜி சந்தாவோடும் பக்கத்தில் வைத்து எழுதிக் காட்டினேன். மூன்று வருடக் கணக்கில் லிப்ரேயே குறைவாக வந்தது, காரணம் இருக்கிற ஸ்விட்ச் எதையும் மாற்ற வேண்டியதில்லை. 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் உள்ள ஒரு பழைய டெஸ்க்டாப் போதுமானதாக இருந்தது. மெமரி கார்டில் ஓடும் சின்னப் பெட்டிகளை இந்த வேலைக்கு வைக்க வேண்டாம். அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் கார்டு கெட்டுவிடும்.

வேலை முடிந்த அன்று சாயந்தரம், விருந்தினர் யாரும் இல்லாத நேரம் பார்த்து, காவல்கார அண்ணனை முகப்பில் மெயின் சுவிட்ச் பக்கத்தில் நிறுத்தினேன். நான் வளவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். “இறக்கவா?” என்றார். இறக்கினார். ஒரு நிமிடத்துக்குள் ஒன்று வந்தது: யுபிஎஸ் பேட்டரியில். பிறகு இன்வெர்ட்டரையும் யுபிஎஸ்ஸையும் அணைக்கச் சொன்னேன். பதினோராவது நிமிடம் வெளியே இருக்கும் சர்வரிடமிருந்து இன்னொன்று: கானாடுகாத்தான் சர்வர் பேசவில்லை. ஆக இரண்டு. மெயினைத் திரும்பப் போட்டதும் ஒன்பது ஸ்விட்சும் எழுந்தன, புதிதாக மாட்டிய மூன்றாம் கட்டு ஸ்விட்சும்.

உங்கள் இடத்திலும் எதை வாங்கினாலும், முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன் மெயினை ஒரு தடவை இறக்கச் சொல்லி, மெசேஜை எண்ணிப் பாருங்கள்.